வகுத்தவன் யார்?



நினைவுச் சொற்பொழிவில் பிரபஞ்சத் தோற்றம் எதற்கு என்று கேட்கலாம். “எல்லாம் வகுக்கப்பட்டது” என்ற சொல்லால் அதிகம் அடிபட்டவர்கள் நாம். அதே சொல் இப்போது இயற்பியல் உடுப்பில் வருகிறது.

வாதம் இதுதான்: ஈர்ப்பு விசை, அணுக்கரு விசை போன்றவற்றின் அளவுகள் கொஞ்சம் மாறியிருந்தால் உயிர் தோன்றியிருக்காது. இந்தப் பொருத்தம் தற்செயலாக அமைய வாய்ப்பு மிகக் குறைவு. ஆகவே வகுத்தவன் ஒருவன் உண்டு.

முதல் வரியை இயற்பியலாளர் பலரும் ஏற்கிறார்கள். அதைக் கேலி செய்ய வேண்டாம். சிக்கல் ‘வாய்ப்பு’ என்ற சொல்லில் இருக்கிறது. பகடைக்கு ஆறு முகம் என்று தெரிவதால் ஆறில் ஒன்று என்கிறோம். பிரபஞ்சம் என்ற பகடைக்கு எத்தனை முகம்? நாம் பார்த்தது ஒரே ஒரு வீச்சு.

வாய்ப்பு குறைவு என்றே வைத்துக்கொள்வோம். லாட்டரியில் கோடியில் ஒருவருக்குப் பரிசு விழுகிறது. அதனாலேயே மோசடி என்று தீர்ப்பெழுத முடியுமா? மோசடிக்காரன் இருக்க எவ்வளவு வாய்ப்பு, இருந்தால் இவரைத்தான் தேர்ந்திருப்பானா என்றும் பார்க்க வேண்டும். தாமஸ் பேய்ஸின் கட்டுரை 1763இல் வெளியானது முதல் நிகழ்தகவுக் கணிதம் சொல்லும் பாடம் இது. எதையும் செய்ய வல்லவன் இந்தப் பிரபஞ்சத்தைத்தான் படைப்பான் என்று எந்தக் கணக்கில் சொல்வது?

1953இல் ஃபிரெட் ஹாயில் வேறு வழியில் யோசித்தார். கார்பன் இவ்வளவு இருக்கிறது. அது விண்மீன்களுக்குள் உருவாக வேண்டுமென்றால் கார்பன் அணுக்கருவில் ஒரு குறிப்பிட்ட ஆற்றல்நிலை இருந்தாக வேண்டும் என்றார். கலிஃபோர்னியாவில் சோதித்தார்கள், இருந்தது. பொய்யென்று நிரூபிக்க இடம் கொடுத்த கூற்று அது. வகுத்தவன் வாதம் அப்படி எந்த இடத்தையும் கொடுப்பதில்லை.

நம் கதைக்கு வருவோம். புருஷ சூக்தம் வருணங்களை ஓர் உடலின் வாய், கை, தொடை, கால் என்று பிரித்தது. அந்த உடலில் நமக்குக் காலும் இல்லை. கர்மக் கோட்பாடு, உன் பிறப்பு தற்செயல் அல்ல, கணக்குப் பார்த்துக் கொடுத்தது என்றது. இருப்பதைக் காட்டி, இப்படித்தான் இருக்க வேண்டும் என்பதே இவற்றின் வேலை.

வகுத்தவன் உண்டென்றே ஒப்புக்கொண்டாலும், ஈர்ப்பு விசையின் அளவிலிருந்து சேரிக்குத் தனிச் சுடுகாடு வரை நீளும் பாதை எதுவும் இல்லை. 1957இல் வெளிவந்த ‘புத்தரும் அவர் தம்மமும்’ நூலில் அம்பேத்கர், படைத்தவன் மீதான நம்பிக்கையைத் தம்மத்துக்கு வெளியே நிறுத்தினார். மனிதன் மனிதனோடு எப்படி நடந்துகொள்கிறான் என்பதே அங்கே கேள்வி.

இனி யாராவது “இது வகுக்கப்பட்டது” என்றால், மாணவர்களே, கணக்கைக் காட்டச் சொல்லுங்கள்.