எல்லா விடையும் சரிதான்… முதல்ல எது?

அமெரிக்காவில் பாராமெடிக் ஆக என்.ஆர்.இ.எம்.டி. தேர்வுக்குப் படிக்கிறீங்களா? மருந்து அளவுகளை மனப்பாடம் செய்தா மட்டும் போதாது. எதை முதல்ல செய்யணும்ங்கிற வரிசையும் தெரியணும்.

ஒரு கேள்வி. பைக் விபத்து. அடிபட்டவருக்கு நினைவில்லை, குறட்டை மாதிரி சத்தம், தொடை எலும்பு முறிவு. இடம் பாதுகாப்பானது; பெரிய ரத்தப்போக்கு இல்லை. முதல்ல காலுக்குக் கட்டா, ட்ரிப்ஸா, தாடையை முன்னால தள்ளுறதா?

மூணுமே தேவைப்படலாம். ஆனா அந்தக் குறட்டை, நாக்கு பின்னால சரிஞ்சு மூச்சுப்பாதையை அடைக்குதுன்னு காட்டுது. கழுத்துத் தண்டுவடத்திலும் அடிபட்டிருக்கலாம். அதனால தலையைச் சாய்க்காம தாடையைத் தள்ளணும். கால் காத்திருக்கும், மூச்சு காத்திருக்காது.

ஒவ்வொரு மாதிரிக் கேள்விக்கும், மற்ற விடைகள் ஏன் அப்புறம்தான்னு வாய்விட்டுச் சொல்லிப் பழகுங்க. ஆம்புலன்ஸ்லயும் அதே கேள்விதான் வரும்.