ஈறில் ரத்தம் வந்தால் பிரஷ்ஷை நிறுத்தாதீர்கள்

(நம் குடியிருப்போர் நலச் சங்கக் கூட்டத்தில் பல் மருத்துவர் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



லிஃப்டில் பார்க்கும்போதெல்லாம் என்னிடம் பலர் கேட்பது இதுதான்: "டாக்டர், நம்ம ஊரு போர் தண்ணி ஒரே உப்பு. அதனாலதானே பல்லுல காரை பிடிக்குது?" தோல் பதனிடும் ஊர்களில் நிலத்தடி நீர் கெட்டுப்போனது உண்மைதான். ஆனால் காரைக்குக் காரணம் அந்தத் தண்ணீர் இல்லை. பல்லில் படியும் கிருமிப் படலத்தைத் தினமும் எடுக்காவிட்டால், நம் எச்சிலில் உள்ள கால்சியமே அதைக் கல்லாக இறுக்கிவிடும்.

அதை எடுக்காமலே விட்டால்? இலங்கைத் தேயிலைத் தோட்டங்களில் தமிழ்த் தொழிலாளர் 480 பேரை, 1970 முதல் 15 ஆண்டுகள் ஹரால்ட் லோ என்ற நார்வே நாட்டு மருத்துவரின் குழு கவனித்தது. பிரஷ்ஷும் பல் மருத்துவமும் எட்டாதவர்கள். எல்லோருக்கும் படலம், காரை, ஈறு வீக்கம். 8 சதவீதம் பேருக்கு நோய் வேகமாக முற்றி, 45 வயதில் பற்களே இல்லை. 81 சதவீதம் பேருக்கு மெல்ல முற்றியது. 11 சதவீதம் பேருக்கு ஈறு வீக்கத்தோடு நின்றது. ஆனால் சொத்தை அநேகமாக யாருக்கும் இல்லை!

ஏனென்றால் ஈறு கெடப் படலம் போதும். சொத்தை விழச் சர்க்கரையும் சேர வேண்டும். இனிப்பு உள்ளே போன ஒவ்வொரு முறையும் சுமார் அரை மணி நேரம் பல்லில் அமிலம் ஊறுகிறது. காலையில் ஒரு டீ, கம்பெனியில் இரண்டு, மாலையில் ஒன்று, நடுவே பிஸ்கட். எத்தனை அரை மணி என்று நீங்களே கணக்குப் போடுங்கள்.

பெரியவர்களுக்கு இன்னொன்று. ஈறு இறங்கினால் வேர் வெளியே தெரியும். வேருக்கு எனாமல் கிடையாது. அங்கே சொத்தை சுலபமாக விழும். அதனால்தான் ஈறையும் பார்க்கச் சொல்கிறேன்.

ரத்தம் வருகிறதே என்று பல் துலக்குவதை நிறுத்தாதீர்கள். 1965-இல் லோ செய்த சோதனையில், பல் துலக்குவதை நிறுத்திய எல்லோருக்கும் மூன்று வாரத்துக்குள் ஈறு வீங்கியது. மறுபடி துலக்கியதும் ஒரு வாரம் போல ஆனதும் சரியானது. ஆகவே இரவில் ஃப்ளோரைடு பேஸ்ட்டால் ஈறு ஓரமாக இரண்டு நிமிடம் மெதுவாகத் துலக்குங்கள். இரண்டு வாரம் கழித்தும் ரத்தம் நிற்காவிட்டால் மருத்துவரிடம் காட்டுங்கள். புகை பிடிப்பவர்களுக்கு நோய் இருந்தும் ரத்தம் வராமல் இருக்கலாம். அவர்கள் காத்திருக்க வேண்டாம்.

கிளீனிங் செய்தால் பல் ஆடும் என்பார்கள். பல்லை ஆட்டுவது காரைக்கு அடியில் இருக்கும் நோய்தான்.

இன்று இரவு துலக்கிவிட்டுத் துப்பும்போது வாஷ்பேசினை ஒரு தடவை பாருங்கள்.