ஒரு ஆளுக்கு என்னத்தைச் சமைக்கிறது?
(பழைய மாணவிகள் சங்க நூற்றாண்டு விழாவில் ஆற்றிய உரை)



வைத்தியரைப் பேச அழைத்தால் சலரோகம், பிரஷர், கொலஸ்ரரோல் என்று பயமுறுத்துவார் என எதிர்பார்த்திருப்பீர்கள். அதுவும் கொஞ்சம் வரும். ஆனால் எங்கள் வகுப்பில் படித்து வைத்தியத்துறைக்கு வந்த நாங்கள் சிலர் சேர்ந்து யோசித்து எடுத்துக்கொண்டது சமையல், வீட்டுத்தோட்டம், பாட்டு ஆகிய மூன்றும்தான்.

1991 இல் நாங்கள் ஆறாம் வகுப்பில் சேர்ந்தபோது யாழ்ப்பாணத்தில் மின்சாரம் இல்லை. முந்திய வருடம் யூனில் சண்டை மீண்டும் தொடங்கியபின் பொருளாதாரத் தடை. மண்ணெண்ணெய் பொன்விலை. ஜாம் போத்தலுக்குள் பஞ்சை வைத்து, அதில் ஊறிய எண்ணெயில் எரியும் விளக்கில் படித்தோம். வானொலிக்கு பற்றரி கிடையாது. சைக்கிளைத் தலைகீழாக நிறுத்தி, மிதிகட்டையைக் கையால் சுற்றி, டைனமோவில் கேட்டோம். தமிழோசைச் செய்தி முடியும்வரை அண்ணாமார் சுற்றுவார்கள். அதன்பின் ஒரு பாட்டாவது கேட்க வேண்டுமென்றால் நாங்கள் சுற்ற வேண்டும். கை ஓய்ந்தால் பாடகரின் குரலும் ஓய்ந்துவிடும்.

சங்கீத வகுப்பைத் தடை ஒன்றும் செய்யவில்லை. துருத்தி வைத்த சுருதிப்பெட்டிக்கு மின்சாரம் எதற்கு? வட இலங்கைச் சங்கீத சபைப் பரீட்சை நெருங்கினால், பொம்பர் வராத இரவுகளில், ஒரே ஒழுங்கையில் நாலு வீட்டில் நாலு பேர் சாதகம் செய்வோம். ரீவியும் மோட்டாரும் இல்லாத ஊரில் பிழையான சுரம் எல்லா வேலிக்கும் மேலால் போகும். அடுத்தநாள் கிணற்றடியில் பக்கத்து வீட்டு மாமி திருத்துவா. கூழும் கொழுக்கட்டையும்கூட எங்களுக்குப் பாட்டோடுதான் வந்தன. நவாலியூர் சோமசுந்தரப் புலவரின் ஆடிப்பிறப்புப் பாட்டைப் பாடாமல் கீழ்ப்பிரிவைத் தாண்டியவர் இந்த மண்டபத்தில் எவரும் இருக்க முடியாது.

எங்கள் குடாநாட்டில் வற்றாத ஆறு இல்லை. மாரி மழை சுண்ணக்கல்லுக்குள் விட்டுச்செல்லும் தண்ணீர்தான் எல்லாம். ஆகவே குளித்த தண்ணீர் வாய்க்காலால் வாழைக்குப் போகும். அதில் மிஞ்சியது வல்லாரைக்கும் கறிவேப்பிலைக்கும். வேலியில் முசுட்டை படரும். ஒரு முருங்கை நின்றால் அது ஒரு வீட்டுக்கு மிக அதிகம். காய்த்தால் வேலிப் பொட்டுக்குள்ளால் நாலு வீட்டுக்குப் போகும். கறியோடு போன சட்டி ஒருநாளும் வெறுமையாகத் திரும்பி வராது.

1995 ஒக்ரோபர் 30 ஐப் பற்றி இங்கு விரித்துச் சொல்லத் தேவையில்லை. நாவற்குழிப் பாலத்தால் மழைக்குள் நடந்தவர்கள் இந்த மண்டபத்தில் பாதிப்பேர். தென்மராட்சியில் ஒரு வளவில் ஐந்து குடும்பங்கள் இருந்தோம். ஒடியல் மா, மரவள்ளிக்கிழங்கு, பயற்றங்காய், முருங்கையிலை, கிடைத்தால் மீன்; ஒரே பானை. ஆட்கள் கூடினால் தண்ணீரையும் கீரையையும் கூட்டலாம். இரண்டு பேருக்குக் கூழ் காய்ச்சத்தான் எவராலும் முடியாது.

இப்போது கிளினிக்குக்கு வருவோம். எழுபதைத் தாண்டிய அம்மாமார். பிள்ளைகள் ரொறன்ரோவில், லண்டனில், சிட்னியில். பெரிய வீடு, காசு ஒழுங்காக வருகிறது. வெறுவயிற்றுச் சீனி 126 ஐ எட்டினாலே சலரோகம் என்கிறோம். இவர்களில் சிலருக்கு அதன் இரண்டு மடங்கு. என்னம்மா சாப்பிடுறனீங்கள் என்று கேட்டால், காலையில் தேத்தண்ணியும் பிஸ்கற்றும், மத்தியானம் கடைப் பார்சல், இரவு பாண். ஏன் சமைக்கிறதில்லை?

“ஒரு ஆளுக்கு என்னத்தைப் பிள்ளை சமைக்கிறது?”

இந்தப் பதிலைப் பல வாயால் கேட்டுவிட்டோம். இது சோம்பல் இல்லை. தனக்கு மட்டும் சமைக்க அவர்கள் ஒருநாளும் பழகவில்லை. மயிர்க்கொட்டி வருகிறதென்று முருங்கையைத் தறித்தாயிற்று. முற்றத்துக்குச் சீமெந்து போட்டாயிற்று. வேலி நின்ற இடத்தில் ஆறடி மதில். மதிலுக்கு மேலால் சட்டி கொடுக்க முடியாது.

எங்கள் வகுப்பில் ஊரோடு இருப்பவர்கள் ஒன்பது பேர். இரண்டு வருடமாக, மாதத்தில் ஒரு சனிக்கிழமை, யாராவது ஒரு தோழியின் அம்மா வீட்டில் கூடுகிறோம். நாங்கள் சமைத்துக் கொண்டுபோவதில்லை. பசியோடு போகிறோம். முதல்முறை அந்த அம்மா பயந்துபோனா, “ஒன்பது பேருக்கோ?” என்று. ஆனால் நாங்கள் போனபோது தேங்காய் துருவி, புட்டுக்கு மா வறுத்து வைத்துவிட்டுப் படலையில் நின்றா. அளவு கேட்டால் எல்லாவற்றுக்கும் “ஒரு கை” என்பா. எங்களில் ஒருத்தி அந்தக் கையைத் தராசில் நிறுத்து, கிராமில் எழுதி ரொறன்ரோவிலுள்ள மகளுக்கு அனுப்பினாள். “ஏனம்மா எனக்கு இது சொல்லித் தரேல்லை?” என்று அங்கிருந்து கேள்வி வந்தது. “நீ கேட்கேல்லையே” என்றா. சாப்பாடு முடிந்ததும் அலுமாரிக்கு மேலிருந்த சுருதிப்பெட்டியை இறக்கினோம். துருத்தியை எலி அரித்திருந்தது. சுருதி இல்லாமலே பாடினா. மேல் ஸ்தாயியில் குரல் உடைந்தது, சிரித்துவிட்டு மறுபடி பிடித்தா.

சீனி குறைந்ததா என்று கேட்பீர்கள். சிலருக்குக் குறைந்தது, சிலருக்கு இல்லை. ஒருவருக்கும் குளிசையை நிறுத்தவில்லை. வல்லாரைச் சம்பல் குளிசைக்குப் பதிலாகாது. குரக்கன் புட்டு நல்லது, ஆனால் அதுவும் மாப்பொருள்தான். மூன்று நீத்துப்பெட்டி சாப்பிட்டால் சீனி ஏறத்தான் செய்யும். ஒடியல் மாவை ஊறவிட்டு, அந்தத் தண்ணீரை வடித்து ஊற்றிய பின்னரே கூழுக்குக் கரையுங்கள். கைப்பு மட்டுமல்ல, உடலுக்கு ஒவ்வாதவையும் அதில் உண்டு. அம்மம்மாமார் காரணம் சொல்லாமலே இதைச் செய்தார்கள். எங்களுக்குப் பெரிய விடயமாகப் பட்டது வேறு. அந்த அம்மா இப்போது கிளினிக்குக்கு வரும்போது ஒரு பை முருங்கைக்காயோடு வருகிறா. தறித்த அடிமரம் தளிர்த்துக் காய்த்துவிட்டதாம்.

வெளிநாட்டுச் சகோதரிகளிடம் ஒரு கோரிக்கை. நூற்றாண்டு நிதிக்கு அள்ளித் தந்தீர்கள், நன்றி. அடுத்த ஞாயிறு அம்மாவுக்குத் தொலைபேசி எடுக்கும்போது “சாப்பிட்டீங்களோ” என்று மட்டும் கேட்டு விடாதீர்கள். “ஓம்” என்றுதான் பதில் வரும். சொதிக்குத் தேசிக்காய்ப் புளி எப்ப விடுறது என்று கேளுங்கள். ஊரில் இருப்பவர்கள், அடுத்த சனிக்கிழமைக்கு ஒரு வீட்டை இன்றே பேசிக்கொள்ளுங்கள். எங்கள் ஒன்பது பேருக்கு எல்லா வீட்டுக்கும் போய்ச் சாப்பிட வயிறு போதாது.

மண்டபத்துக்குப் பின்னால் வேம்பின் கீழ் இரண்டு பானை கொதிக்கிறது. ஒன்று மீன் கூழ், மற்றது சைவக் கூழ், அகப்பைகளை மாற்றிவிடாதீர்கள். பிளா போதாவிட்டால் பலா இலை இருக்கிறது, கோலத் தெரிந்தவர்கள் முன்னுக்கு வாருங்கள். பிரஷர்காரர் ஒரு பிளாவோடு நிற்பாட்டுங்கள்.