முன்னே போகிறாள் பாட்டி!

(ஆமத்தூர் மேடையில், ‘குடும்பத்துக்குப் பெரிதும் துணை நிற்பவர்கள் முதியோரே’ என்ற அணியில் பேசியது)



“வயசானவங்க வீட்ல ஓரமா உக்காரட்டுமே”ன்னு எதிரணித் தம்பி சொல்லிட்டுப் போனார். தம்பி, காலையில பட்டாசு ஆலைக்குப் போற இந்த ஊர்த் தாய், கைப்பிள்ளைய யார்கிட்ட விட்டுட்டுப் போறா? பாட்டிகிட்டதானே! (கைதட்டல்)

இது மனுசருக்கு மட்டுமில்லீங்க. ஆமத்தூர்க்காரங்களுக்குக் கண்மாய்தான் கடல். இருந்தாலும் நிஜக் கடலுக்குள்ள ஒரு குடும்பத்தைக் காட்டுறேன். ‘கொலைகாரத் திமிங்கிலம்’னு பேரு, ஓர்க்கா என்றும் சொல்வார்கள். உண்மையில் அது டால்பின் குடும்பத்திலேயே பெரியது. கறுத்த உடம்பு, கண்ணுக்கு மேலே வெள்ளைத் திட்டு. ஆண் 8 மீட்டருக்கு மேலும் வளரும். வடதுருவத்துப் பனிக்கடல் தொடங்கித் தென்துருவம் வரை வாழ்கிறது. இலங்கைக் கடலிலும் பார்த்திருக்கிறார்கள். கூட்டமாகச் சேர்ந்தால் பெரிய திமிங்கிலத்தையே வேட்டையாடிவிடும்.

அப்பேர்ப்பட்ட கொலைகாரன், அம்மா பின்னாலேயே சுத்துறான்! (சிரிப்பு)

கனடாவின் மேற்குக் கடலோரம் சால்மன் மீன் தின்று வாழும் கூட்டங்களில், மகனும் மகளும் கடைசிவரை தாயைப் பிரிவதில்லை. பெண் 40 வயதையொட்டிக் குட்டி போடுவதை நிறுத்திவிடும். அதன்பிறகும் பல ஆண்டுகள் வாழும். எதுக்கு? 2015இல் வந்த ஆய்வு சொல்கிறது: மீன் குறைந்த பஞ்ச காலத்தில் முன்னே நீந்தி இரை இருக்கும் இடம் காட்டுவது அந்தக் கிழவிகள்தான்! பாட்டி செத்துப்போனால் பேரக்குட்டி பிழைப்பதே கடினமாகிறது என்று 2019 ஆய்வு சொல்கிறது.

நம்ம பக்கத்துக்கு வருவோம். 2016 ஜனவரியில் திருச்செந்தூர் – மணப்பாடு கரையில் 80க்கும் மேற்பட்ட பைலட் திமிங்கிலங்கள் ஒதுங்கின. ஓர்க்காவுக்கு அவை பங்காளி முறை. மீனவர்கள் பாடுபட்டுக் கடலுக்குள் தள்ளிவிட்டார்கள். பல திரும்பத் திரும்பக் கரைக்கே வந்தன. கூட்டத்தை விட்டுப் பிரியாத சாதி அது!

“சேர்ந்திருந்ததாலதானே சேர்ந்து செத்தது?”ன்னு எதிரணி கேட்கும். கேளுங்க. ஒட்டி வாழ்வதற்கு ஒரு விலை உண்டு, நான் மறுக்கல. ஆனா அப்படி ஒட்டி வாழ்ந்துதானே அந்த இனம் இத்தனை காலம் கடலை ஆண்டிருக்கிறது?

கொலைகாரன்னு பேர் வாங்கினதே பாட்டிய முன்னே விட்டுப் பின்னே போகுது. படிச்ச நாமதான் பாட்டிய முதியோர் இல்லத்துல விட்டுட்டு, திரும்பிப் பார்க்காமப் போறோம்!

யாருக்குங்க அந்தப் பேரு பொருந்தும்? நடுவர் அவர்களே, நீங்களே தீர்ப்புச் சொல்லுங்கள். (பலத்த கைதட்டல்)