எங்கள் பழைய வீட்டின் வரலாற்றைத் தேடி
(ஆலயத் திருவிழாவில் ஆற்றிய உரை)

 

சிங்கப்பூர்ச் சிராங்கூன் சாலையை ஒட்டிய தெரு ஒன்றில் எங்கள் குடும்பம் மூன்று தலைமுறை வாழ்ந்த கடைவீடு இன்றும் நிற்கிறது. அதனைப் "பாட்டனார் கட்டிய வீடு" என்றே கேட்டு வளர்ந்தோம். அவ்வரலாற்றை எழுதித் தருமாறு என் பேரப்பிள்ளைகள் வேண்டினர், தேடப் புறப்பட்டேன்.

1884ஆம் ஆண்டு முதல் நகராட்சியிடம் அளிக்கப்பட்ட கட்டட வரைபடங்கள் தேசிய ஆவணக் காப்பகத்தில் உள்ளன. கதவு எண்கள் மாறியிருக்கக்கூடும் என்பதை அறியாமல் இரண்டு வாரங்களை வீணாக்கினேன். பின்னர்த் தெருப் பெயரைக் கொண்டு தேடியபோது வரைபடம் கிடைத்தது. முன்புறம் ஐந்தடி நடைபாதை, நடுவே வெளிச்சம் விழும் முற்றம், பின்னால் சமையற்கட்டு; ஐயமின்றி எங்கள் வீடேதான். ஆனால் உரிமையாளர் என்ற இடத்தில் இருந்தது வேறொருவர் பெயர்!

1935இல் தோன்றிய தமிழ் முரசின் பழைய இதழ்களையும் தேசிய நூலக வாரியத்தின் மின்தளத்தில் பார்த்தேன். அத்தெருக் கடைகளின் விளம்பரங்கள் இருந்தன. எங்கள் வீட்டைப் பற்றி ஒரு வரியும் இல்லை.

முதலிலேயே கேட்டிருக்க வேண்டியவரிடம் இறுதியாகச் சென்றேன். தொண்ணூறு வயதைக் கடந்த என் அத்தை சற்றும் தயங்கவில்லை. "வாடகை வீடுதான், தம்பி. எங்கள் அப்பா ஒரு நாளும் 'கட்டினேன்' என்று சொன்னதில்லை. சொல்லத் தொடங்கியவர் உன் தகப்பனார்தான்" என்றார்.

அன்றிரவு எனக்கு உறக்கம் வரவில்லை. பிறகு சிந்தித்தேன். 1947ஆம் ஆண்டின் வாடகைக் கட்டுப்பாட்டுச் சட்டத்தால், எளிய குடும்பங்கள் குறைந்த வாடகையில் ஒரே வீட்டில் தலைமுறைகளாக நிலைத்திருக்க முடிந்தது. அச்சட்டம் 2001இல் நீக்கப்பட்டது. எங்கள் குடும்பமும் அச்சட்டத்தின் நிழலில் தங்கியதே. 1989இல் அவ்வட்டாரம் பாதுகாக்கப்பட்ட பகுதியாக அறிவிக்கப்பட்டதால் கட்டடம் பிழைத்தது.

"குடியிருந்தவர் என்று எழுதிக் குடும்பப் பெருமையைக் குறைக்காதே" என்று உறவினர் சிலர் தடுத்தனர். என் தந்தையாரை மறுத்துரைப்பது எனக்கும் எளிதாக இல்லை. ஆயினும் குடியிருந்தவர் என்றே எழுதினேன். வாடகை தவறாமல் கட்டியவரை எதற்கு மறைக்க வேண்டும்?

வரைபடத்தின் நகலை அத்தையிடம் காட்டினேன். முன்கூடத்தின் கிழக்குச் சுவரில் விரலை வைத்து, "சாமி மேடை இங்கேதான் இருந்தது" என்றார். அது எந்த ஆவணத்திலும் இல்லை. அவ்விடத்தைப் பென்சிலால் குறித்துக்கொண்டேன்.