ஆமை நடை: ராத்திரி 7 கிலோமீட்டர் எதுக்கு?

எலியட்ஸ் பீச்சுல பஜ்ஜி சாப்பிடாத ஆள் நம்ம கூட்டத்துல இருக்க மாட்டீங்க. அந்தக் கரையிலதான் ஜனவரியிலிருந்து மார்ச் வரைக்கும் ராத்திரி நேரத்துல பங்குனி ஆமை, அதாவது ஆலிவ் ரிட்லி, முட்டை போட ஏறி வருது. நீலாங்கரையிலிருந்து பெசன்ட் நகர் வரைக்கும் சுமார் 7 கிலோமீட்டர் நடந்து அதைத் தேடுறதுதான் ஆமை நடை. 1988லிருந்து எஸ்.எஸ்.டி.சி.என். என்ற மாணவர் அமைப்பு இதை நடத்துது. பொதுமக்களையும் கூட்டிட்டுப் போறாங்க.

இதுக்கும் முன்னாடி, 70களோட தொடக்கத்துல, ரோமுலஸ் விட்டேக்கரும் சதீஷ் பாஸ்கரும் இந்தக் கரையில நடந்திருக்காங்க. சதீஷ் ஐஐடி மெட்ராஸ்ல இன்ஜினியரிங் படிக்க வந்தவர். 1982ல ஆமைகளுக்காக லட்சத்தீவுல ஆளில்லாத தீவு ஒண்ணுல மழைக்காலம் முழுக்கத் தனியா இருந்தார். அங்கிருந்து மனைவிக்கு எழுதின கடிதத்தை பாட்டில்ல போட்டு கடல்ல விட, அது இலங்கைக் கரையில ஒருத்தர் கையில கிடைச்சுது! (அவருக்கே தனி எபிசோட் போடலாம்.)

நடைக்கு வர்றவங்க முதல்ல கேக்குற கேள்வி, "இன்னைக்கு ஆமை வருமா?" பல ராத்திரி வராது. மணல்ல அது ஏறி இறங்கின தடம் மட்டும் கிடைக்கும். எனக்கு அதுதான் பிடிச்ச பகுதி. தன்னார்வலர் ஒரு கம்பியால மணலை மெதுவா குத்திப் பார்ப்பார். கம்பி சட்டுனு இறங்கினா அங்க குழி. நூறு முட்டைக்கு மேலகூட இருக்கும். எண்ணி எடுத்து, குழியோட ஆழம், அகலம் அளந்து, பொரிப்பகத்துல அதே அளவுல குடுவை மாதிரி குழி தோண்டி வைப்பாங்க. 45லிருந்து 60 நாள்ல குஞ்சு வரும்.

ஏன் எடுக்கணும், அங்கேயே விட்டா என்ன? நாய் தோண்டும், அது ஒண்ணு. பெரிய பிரச்சனை வெளிச்சம். குஞ்சுகள் பிரகாசமான பக்கம் நோக்கி ஓடும். இயற்கையா அது கடல் பக்கம். சென்னையில அது தெருவிளக்கு. டார்ச்சும் பிளாஷும் வேண்டாம்னு அவங்க கண்டிப்பா சொல்றது இதனாலதான். எங்க மொழியில சொன்னா, பொரிப்பகம் ஒரு ஒர்க்அரவுண்ட். பக் அப்படியே லைவ்ல இருக்கு.

இன்னொரு பக் கடலுக்குள்ள. ஆமை மூச்சு விட மேல வந்தே ஆகணும். இழுவலையில மாட்டினா மூழ்கிச் சாகும். 2025 ஜனவரியில சென்னைக் கரையில நூற்றுக்கணக்குல செத்து ஒதுங்கினது அப்படித்தான். நடையில செத்த ஆமையையும் பதிவு பண்ணுவாங்க. சின்னப் பசங்க வந்திருந்தாலும் அதை மறைக்கிறதில்ல. என்னைக் கேட்டா, அதுதான் சரி.

போகணும்னா: அடர் நிற டிரஸ், தண்ணி, போன் பாக்கெட்டுலேயே. மறுநாள் காலைல மீட்டிங் வெச்சுக்காதீங்க, விடிய விடிய நடக்கணும்.