தேனும் வியர்வையும்

'மது' என்னும் வடசொல் முதற்கண் இனிமையையும் தேனையுமே குறித்தது. பின்னரே வெறியூட்டும் பானத்துக்கும் பெயராயிற்று. திராட்சை மதுவைக் குறிக்கும் கிரேக்கச் சொல்லாகிய 'மெத்து' என்பதும் அதே வேரில் முளைத்ததே. தமிழிலும் 'நறவு', 'கள்' என்பன தேனையும் கள்ளையும் ஒருங்கே சுட்டும்.

'அரக்கு' என்னும் பெயரின் வரலாறோ வேறு. 'அரக்' என்றால் அரபு மொழியில் வியர்வை. வாலையிற் காய்ச்சும்போது ஆவி குளிர்ந்து வியர்வைபோலத் துளித்துளியாக வடிவதால் இப்பெயர் அமைந்தது. தென்னங்கள்ளிலிருந்து இவ்வாறு வடிப்பதை நாம் சாராயம் என்கிறோம். சிங்கள மக்கள் இன்றும் 'அரக்கு' என்றே வழங்குகின்றனர்.

நாட்கூலியைத் தவறணையிற் கொடுத்துவிட்டு வெறுங்கையுடன் வீடு திரும்புகிறவன், தேனென்று எண்ணிப் பருகியது தன் வியர்வையையே. அதனை அவன் மனைவி எந்த அகராதியும் பாராமலே அறிவாள்.